முதல் பத்தடிக்கு ஒரு மோட்டார்

"இது சேராதுண்ணே" என்றார் சைக்கிள் கடைக்காரர். பெரியப்பாவின் கறுப்பு சைக்கிளிலிருந்து முன்சக்கரத்தைக் கழற்றிச் சாக்கின் மேல் கிடத்தி, ரிம்மின் ஓட்டைகளைச் சாக்பீஸால் புள்ளி வைத்தபடியே எண்ணி முடித்திருந்தார். 32. அட்டைப்பெட்டியில் வந்திருந்த மோட்டார் ஹப்பில் 36. மாதக்கணக்கில் விசாரித்து நான் தேர்ந்தெடுத்த கிட் அது. வாட் பார்த்தேன், வோல்ட் பார்த்தேன், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தேன். ஓட்டையை மட்டும் எண்ணவில்லை.

பெரியப்பாவுக்கு 74 வயது. புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். வீட்டிலிருந்து வயல் நாலு கிலோமீட்டர், அங்கிருந்து டீக்கடை ஒன்றரை. மொபெட் வாங்கித் தருகிறோம் என்றால், "இந்த வயசுல லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொல்றியா?" என்பார். உள்காரணம் வேறு. சைக்கிளை விட்டால் கால் போய்விடும் என்று அவருக்குப் பயம். ஆடிக்காற்றில் எதிரே மிதிக்க முடியாமல் இரண்டு தடவை இறங்கித் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான், "என்னமோ மோட்டார் வைக்கிறாங்களாமே தம்பி" என்று அவராகக் கேட்டார்.

அவருக்காகத் தொடங்கிய விசாரணை, அத்தையின் சைக்கிள், தெருவில் ஒருவர் வாங்கி வைத்த மூன்று சக்கர வண்டி, பல நாட்டு ஆய்வுகள், சட்ட விதிகள் என்று வளர்ந்துவிட்டது. எல்லாம் பார்த்தபின் எனக்குத் தெளிவானது இதுதான். வயதானவருக்கு மோட்டார் வேகத்துக்காக வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து புறப்படும் முதல் பத்தடிக்கும், எதிர்காற்றுக்கும், ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்துக்கும்தான் வேண்டும். கடையில் கிட் விற்பவரோ முதலில் வேகத்தைத்தான் சொல்வார்.

சைக்கிளில் மோட்டாரை மாட்டுவது நேற்று முளைத்த யோசனை இல்லை. மின்சாரத்தில் ஓடிய ஆரம்பகால வண்டிகளில் ஒன்றே இப்படி மாற்றிக் கட்டிய மூன்று சக்கர சைக்கிள்தான். 1881 ஏப்ரலில் பாரிஸ் தெருவில் குஸ்தாவ் த்ருவே என்பவர், இங்கிலாந்தில் செய்த ஒரு டிரைசைக்கிளில் மோட்டாரையும் ஈய பேட்டரியையும் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் அயர்டன், பெர்ரி என்ற இரண்டு பேராசிரியர்கள் தங்கள் மின் டிரைசைக்கிளோடு வந்தார்கள். 1895 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் பெற்ற காப்புரிமையில் மோட்டார் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இன்று நம் ஊருக்குக் கூரியரில் வரும் கிட்டுக்கு அதுதான் பாட்டன். நடுவில் பெட்ரோல் காலம். இரண்டாம் உலகப்போர் முடிந்து கார் வாங்க வழியில்லாத ஐரோப்பாவில், இத்தாலியின் குச்சோலோ என்ஜினும் பிரான்சின் வெலோசொலெக்ஸும் சைக்கிள்காரர்களைத் தள்ளிக்கொண்டு போயின.

இந்த வரலாற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஜப்பான். 1993-ல் யமஹா நிறுவனம் 'பாஸ்' என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெடலில் கால் கொடுக்கும் அழுத்தத்தை அளந்து, அதற்கு ஏற்றபடி மோட்டாரும் சேர்ந்து தள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. ஜப்பானியச் சட்டம் 2008-லிருந்து சொல்வதைக் கேளுங்கள்: மணிக்கு 10 கிலோமீட்டர் வரை மோட்டார், ஆள் போடும் பலத்தைப்போல் இரண்டு மடங்கு வரை தரலாம். அதற்கு மேல் வேகம் கூடக்கூட உதவி குறைய வேண்டும். 24 கிலோமீட்டரில் உதவி அறவே நிற்க வேண்டும். புறப்படும்போது நிறைய, ஓட்டத்தில் கொஞ்சம், வேகத்தில் ஒன்றுமில்லை. இதை எழுதியவர் வீட்டில் சைக்கிள் ஓட்டும் தாத்தா ஒருவர் கட்டாயம் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத சமதரையில் 12 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 40 வாட் போதும். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அதே வேகத்துக்கு 90 வாட்டைத் தாண்டிவிடும். நூறு அடிக்கு ஐந்தடி உயரும் பாலத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, ஏற்றத்துக்கு மட்டுமே 135 வாட் வேண்டும். நல்ல உடம்புள்ள நடுவயதுக்காரர் நீண்ட நேரம் தரக்கூடியது 75 முதல் 100 வாட். எழுபதைத் தாண்டியவருக்கு 50 என்றாலே நல்ல கால். ஆக, சமதரையில் அவருக்கு மோட்டாரே தேவையில்லை. காற்றும் பாலமும் வரும்போது தேவைப்படுவதும் 100 வாட்டுக்குப் பக்கத்தில்தான். 250 வாட் மோட்டார் தாராளம். '1000 வாட், 45 கிலோமீட்டர் வேகம்' என்று விற்கும் கிட் அவருக்கு எதற்கு?

மோட்டார் வைத்தால் உடற்பயிற்சி போய்விடாதா என்பது பெரியப்பாவின் கேள்வி. டாக்டர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள், சைக்கிளை விட்டு வெகுகாலமான 50 முதல் 83 வயது வரையுள்ளவர்களைப் பிரித்து, சிலருக்குச் சாதாரண சைக்கிளும் சிலருக்கு மின் சைக்கிளும் கொடுத்து, வாரத்துக்கு மூன்று நாள், அரைமணி நேரம், எட்டு வாரம் ஓட்டச் சொன்னார்கள். 2019-ல் வெளியான முடிவில், சிந்தனைத் திறனிலும் மனநலத்திலும் மின் சைக்கிள்காரர்களும் நன்மை அடைந்திருந்தார்கள். சிலவற்றில் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே. அதே ஆண்டு ஏழு ஐரோப்பிய நகரங்களில் செய்த கணக்கெடுப்பும் இதற்கு இணையானது. மோட்டார் உதவியால் ஒரு கிலோமீட்டருக்கு உழைப்பு குறைகிறது. ஆனால் அவர்கள் அதிக தூரம் போகிறார்கள். மொத்த உழைப்பு ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது. இதைப் படித்துச் சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

இனி விழுவதைப் பற்றிப் பேச வேண்டும். விளம்பரங்கள் பேசாத இடம் அதுதான்.

நெதர்லாந்தில் 2017-ல் சாலை விபத்தில் இறந்த சைக்கிள்காரர்கள் 206 பேர், காரில் இருந்தவர்கள் 201 பேர். சைக்கிள்காரர் கணக்கு காரை முந்திய ஆண்டு அது. அந்த 206-ல் கால்பங்குக்கு மேல் மின் சைக்கிளில் போனவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். ஊரே பதறியது. ஆனால் மின் சைக்கிள் ஓட்டுபவர் பொதுவாகவே வயதானவர், அதிக தூரம் ஓட்டுபவர். வயதையும் தூரத்தையும் கழித்துப் பார்த்தால் வேறுபாடு எவ்வளவு? 2014-ல் வந்த டச்சு ஆய்வு, மின் சைக்கிளில் விபத்து வாய்ப்பு கூடுதல் என்றது. பின்னால் அதே ஆய்வாளர்கள் கூடுதல் தரவோடு திரும்பிப் பார்த்தபோது, ஏறக்குறையச் சமம்தான் என்றார்கள். எனக்குப் பயன்பட்டது இந்தச் சண்டை இல்லை. முதியவர்களின் விபத்தில் பெரும்பங்கு எந்த வண்டியும் வந்து மோதாதது, தானாக விழுந்தது. அதிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுந்தது நிறைய.

ஏறுவதை நம் ஊரில் நின்று பாருங்கள். பெரியப்பா தலைமுறை இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை நாலு தடவை உந்தி, வண்டி ஓடத் தொடங்கியதும் வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிக் கேரியருக்கு மேலே சுற்றிப்போட்டு சீட்டில் உட்காரும். அறுபது வருடப் பழக்கம். இந்தப் பழக்கத்தின் மேல் மலிவான கிட் ஒன்றை மாட்டினால் என்ன ஆகும்? கிராங்கின் அருகே காந்தங்கள் பதித்த ஒரு வட்டத் தட்டு இருக்கும். பெடல் சுற்றுகிறதா என்று மட்டுமே அதற்குத் தெரியும், எவ்வளவு அழுத்துகிறார் என்று தெரியாது. உந்தி ஏறும்போது பெடல் கால் சுற்று சுற்றினால்கூடப் போதும், ஆள் ஏறிவிட்டார் என்று நினைத்து மோட்டார் இழுக்கும். அந்த நொடியில் பெரியப்பாவின் வலது கால் காற்றில் இருக்கும்.

திருகும் ஆக்சிலேட்டர் இன்னும் மோசம். உந்தும்போது உடம்பின் பாரம் ஹேண்டில்பாரில்தான் இருக்கும், கை தானாகத் திருகும். ஆகவே முதியவருக்குக் கிட் வாங்கும்போது வாட்டை விடுங்கள், அது எப்படி உயிர்பெறுகிறது என்று கேளுங்கள். பெடல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருந்தால் உத்தமம். விலை கூடும். அது கட்டுபடியாகாவிட்டால் சுற்று சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்தும் சிறிய ஆக்சிலேட்டரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்தபின் மெதுவாக அழுத்தினால் முதல் பத்தடிக்குக் கைகொடுக்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். தள்ளாட்டம் முழுக்க அந்தப் பத்தடியில்தான். வேகம் ஏழெட்டுக் கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் சைக்கிள் நிமிர்ந்துகொள்ளும். முழங்கால் வலிப்பதும் அங்கேதான், நின்ற வண்டியைக் கிளப்பும் முதல் மூன்று மிதியில்.

பிரேக்கைப் பிடித்த மாத்திரத்தில் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், பிரேக் லீவருக்குள் இருக்க வேண்டும். இது இல்லாத கிட்டைத் தொடவே வேண்டாம்.

இங்கேதான் கறுப்பு சைக்கிள் முரண்டு பிடித்தது. இங்கிலாந்து வழிவந்த நம் கறுப்பு சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ், பின்சக்கரத்துக்கு 40. ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 36 ஓட்டையோடு வருகின்றன. ரிம்மை மாற்றினால் 28 அங்குலத்துக்கு 36 ஓட்டை ரிம் எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. 26 அங்குல ரிம் போடலாம் என்றால் கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மைத் தொடாது. கேபிள் பிரேக் வைக்கலாம் என்றால் ஃபோர்க்கில் அதற்கு ஓட்டை போட வேண்டும், கைப்பிடியோடு சேர்ந்த கம்பி லீவரைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்றினால் ஹேண்டில்பாரையே மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது. "இவ்வளவும் பண்ணினா இது பெரியவர் சைக்கிளா இருக்காதுண்ணே" என்றார் கடைக்காரர். அது தொழில் தெரிந்தவரின் பேச்சு. கிட்டை விற்றவர்களோ, பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பிரேக்கைப் பற்றிக் கடைக்காரர் சொன்ன இன்னொன்றையும் சேர்க்கிறேன். கம்பி பிரேக் மழையில் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். 12 கிலோமீட்டரில் போகும் வரை அது பெரிய விஷயமில்லை. 25 கிலோமீட்டரில் போனால், வேகம் இரண்டு மடங்குதான் என்றாலும், நிறுத்த வேண்டிய ஆற்றல் நாலு மடங்குக்கு மேல். மோட்டார் வாங்கும் பணத்தில் முதல் பங்கை நல்ல கேபிள் பிரேக்குக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் மோட்டார் என்பது என் கட்சி. பெரும்பாலான கிட்களின் டிஸ்பிளேயில் உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. பொருத்தியவுடன் 15-க்கோ 18-க்கோ இறக்கி வைத்துவிடச் சொல்லுங்கள்.

மோட்டார் வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹப்புக்குள் சிறிய பல்சக்கரங்கள் வைத்த மோட்டார் இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், மின்சாரம் இல்லாதபோது இழுவையும் இல்லை. பல்சக்கரம் இல்லாத மோட்டார் கனம், பேட்டரி தீர்ந்தால் அதன் காந்த இழுவையையும் சேர்த்து மிதிக்க வேண்டும். வயதானவருக்கு முதல் வகையே போதும். கிராங்கில் பொருத்தும் நடு மோட்டார் கியர் வண்டிக்கும் மலையூருக்கும் அருமை. நம் ஒற்றைப் பல்சக்கர சைக்கிளுக்கு அது ஆடம்பரம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முன்சக்கரத்தில் ஹப் மோட்டார் வைத்தால், மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும் அதே விசையில் தன் அச்சைப் பின்னே திருகப் பார்க்கும். அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாக இருப்பதும், அது ஃபோர்க்கின் வாயில் கவ்வி நிற்பதும் இதற்காகத்தான். நட்டு தளர்ந்து அச்சு ஒருமுறை சுழன்றுவிட்டால் வயர் அறும், சக்கரமே கழன்று வரலாம். அச்சைப் பிடித்து ஃபோர்க்கோடு கட்டும் இரும்புப் பட்டையை மறக்காமல் போடச் சொல்லுங்கள். இரும்பு ஃபோர்க் தாங்கும். அலுமினிய ஃபோர்க்கிலும் ஸ்பிரிங் ஃபோர்க்கிலும் முன்மோட்டார் வேண்டாம்.

அத்தையின் கதைக்கு வருகிறேன். 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் கணக்குச் சொல்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அத்தை அந்தக் கூட்டத்தில் ஒருவர். அன்று 25 வயது, இன்று அறுபதை நெருங்குகிறார். அன்று சைக்கிள் கற்ற அத்தனை பெண்களும் ஏறத்தாழ ஒன்றாகவே முதுமைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை, அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் இறங்கி நின்றதைப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

அத்தை பார் சைக்கிளை விட்டுப் பல வருடமாகிறது. இப்போது 26 அங்குல லேடீஸ் சைக்கிள். கேபிள் பிரேக், 36 ஓட்டை. பெரியப்பாவுக்கு வாங்கிய மோட்டாரைக் கடைக்காரர் அத்தையின் முன்சக்கரத்தில் ஒரே மதியத்தில் கட்டி, கோட்டம் எடுத்துக் கொடுத்துவிட்டார். பேட்டரியைக் கேரியரில் வைக்கத்தான் கிட்டில் தட்டு கொடுத்திருந்தார்கள். கேரியரில் வைத்தால் வண்டி ஸ்டாண்டிலேயே சாய்ந்தது. சீட்டுக் கம்பியின் முன்னால், தாழ்வாக மாற்றி வைத்தோம். முதல் நாள் அத்தை தெருமுனை வரை போய்த் திரும்பி, "யாரோ கேரியரைப் பிடிச்சுத் தள்ளி விட்ட மாதிரி இருக்குடா" என்றார். 1992-ல் அவருக்கு அப்படித் தள்ளிவிட்டவர் என் அம்மா.

இனி மூன்று சக்கரம். வயதாகிவிட்டது, சமநிலை இல்லை, மூன்று சக்கரம் வாங்கிக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பின்னால் இரண்டு சக்கரம் வைத்த டிரைசைக்கிள் வாங்கி, மோட்டாரும் வைத்தார். நாற்பது வருடம் சைக்கிள் ஓட்டியவர். முதல் நாளே வாய்க்கால் ஓரம் போய் நின்றார். சைக்கிளில் திரும்ப வேண்டுமென்றால் நாம் உடம்பைச் சாய்க்கிறோம், ஹேண்டிலைத் திருப்புவது அதற்குப் பின்னால்தான். மூன்று சக்கரம் சாயாது. சாய்த்துப் பழகிய உடம்பு சாய்க்கப் பார்க்கும், வண்டி நேரே போகும். சைக்கிளே தெரியாதவர் மூன்று சக்கரத்தை அரைமணியில் பழகிவிடுவார், சைக்கிள் தெரிந்தவருக்குத்தான் ஒரு வாரம் பிடிக்கும். போதாததற்கு நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்தவை. இரண்டு சக்கரத்துக்கு இது தெரியாது. மூன்று சக்கரம் இடப்பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும்.

கவிழ்வதற்கும் கணக்கு உண்டு. பின்சக்கரங்களின் இடைவெளி 70 சென்டிமீட்டர், ஆளும் வண்டியும் சேர்ந்த பாரம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், நாலு மீட்டர் ஆரமுள்ள தெருமுனைத் திருப்பத்தில் 11 கிலோமீட்டர் வேகமே உள்சக்கரத்தைத் தூக்கப் போதும். 25 கிலோமீட்டரில் ஓடும் மோட்டாரை இதில் வைத்துவிட்டு, பத்திரத்துக்காகத்தானே மூன்று சக்கரம் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று சக்கரத்துக்கு வேக வரம்பு பத்துதான். சீட்டைத் தாழ்த்த முடிந்த அளவு தாழ்த்த வேண்டும். பேட்டரியைக் கூடையின் அடியில் வைக்க வேண்டும். நிறுத்தியபின் உருளாமல் பிடிக்கும் பிரேக் கட்டாயம். வாங்குமுன் வீட்டுக் கேட்டின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஆசிரியர் வீட்டு வண்டி இப்போதும் தெருவில்தான் நிற்கிறது.

இதெல்லாம் மூன்று சக்கரத்துக்கு எதிரான வாதம் இல்லை. நிற்கும்போது காலை ஊன்ற முடியாதவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், மிகத் தாழ்ந்த வேகத்தில் மார்க்கெட் வரை போய்வர நினைப்பவர்கள் இவர்களுக்கு அதுதான் வண்டி. மோட்டாரை முன்சக்கரத்தில் வைப்பது எளிது, பின் அச்சைத் தொடவே வேண்டாம். மூன்று சக்கரத்தில் மோட்டார் வைத்து என்ன நேரும் என்பதைச் சென்னை ஏற்கெனவே பார்த்தும் இருக்கிறது. மீன்பாடி வண்டிகளில் பழைய ஸ்கூட்டர், மொபெட் என்ஜின்களைக் கட்டி ஓட்டினார்கள். மிதித்து ஓட்டச் செய்த சட்டத்துக்கும் பிரேக்குக்கும் அந்த வேகம் தாங்கவில்லை, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. ஓட்டியவர்களின் மூளை என்னவோ எந்தப் பொறியாளருக்கும் குறைந்ததில்லை. அதே சென்னையில் ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-ல் 'நியோபோல்ட்' கொண்டுவந்தது. சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் சக்கரம் ஒன்றைக் கொளுவிவிட்டால் நாற்காலியே மூன்று சக்கர வண்டியாகிவிடும், உச்ச வேகம் 25 கிலோமீட்டர். ஒன்றை மாற்றிக் கட்டும்போது பிரேக்கையும் சட்டத்தையும் சேர்த்து யோசித்ததற்கு அது உதாரணம்.

பேட்டரிக்கு வருவோம். செலவில் பாதி அதுதான், ஆபத்தில் பெரும்பாதியும் அதுதான். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கும். கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். முழுக்க சார்ஜ் செய்ய அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். அதே அளவு ஈய பேட்டரி என்றால் மூன்று சேர்த்துப் பத்துக் கிலோவைத் தாண்டும். அந்தக் கனத்தைத் தூக்கி ஸ்டாண்ட் போட வேண்டியவர் வயதானவர் என்பதால் அதை விட்டுவிடலாம்.

லித்தியத்தின் குறை, எரிந்தால் எளிதில் அணையாது. நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ 268, இறந்தவர் 18 பேர். மின் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் காரணம். அதே ஆண்டிலிருந்து அங்கே தரச்சான்று இல்லாத மின் சைக்கிளையும் பேட்டரியையும் விற்பது சட்டவிரோதம். நம் ஊரில் பழைய செல்களைப் பொறுக்கி ஒட்டி, நீல பிளாஸ்டிக் சுற்றி, பாதி விலைக்குத் தருகிறார்கள். அதை வாங்காதீர்கள். இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். 36 வோல்ட் லித்தியம் 42 வோல்ட்டில் நிறைந்துவிடும். 36 வோல்ட் ஈய பேட்டரியின் சார்ஜரோ 44 வோல்ட் வரை ஏற்றும். இரண்டின் பிளக்கும் ஒன்றாக இருந்துவிட்டால் போதும், பேரப்பிள்ளை மாற்றிச் செருகிவிடுவான். நம் வெயிலுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை கொஞ்சம் கனமானாலும் நிதானமானது. எந்த வகையானாலும் வாசற்படியருகே, மாடிப்படியடியில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போட வேண்டாம். வயதானவர்கள் தீயிலிருந்து ஓட முடியாது.

சட்டம் எளிதாகத்தான் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்குள், உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்குள், முன்னே வெள்ளையும் பின்னே சிவப்புமாகப் பிரதிபலிப்பான், பிரேக் எல்லாம் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். ஆனால் இந்த விதி தொழிற்சாலையில் செய்து, சோதனை நிலையத்தில் சான்று வாங்கி விற்கும் வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சைக்கிள் கடையில் கட்டிய வண்டிக்கு அந்தச் சான்று இருக்காது. அளவுகளுக்குள் இருந்தால் தெருவில் யாரும் கேட்பதில்லை என்பதுதான் நடைமுறை. 500 வாட்டோ 1000 வாட்டோ வைத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது மோதினால் அன்றைக்குத் தெரியும்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைசுற்றல் உள்ளவர், கண்புரை முற்றியவர், திரும்பிப் பார்க்கக் கழுத்து வளையாதவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் இவர்களை மோட்டார் காப்பாற்றாது. கடைசி வகையினர் தலையில் சாதாரண அடி பட்டாலும் உள்ளே ரத்தம் கசியலாம், டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. ஹெல்மெட்டைச் சட்டம் கேட்காவிட்டாலும் மண்டை கேட்கும். இவர்களுக்காக டென்மார்க்கில் வேறு வழி கண்டார்கள். 2012-ல் கோபன்ஹேகனில் தொடங்கிய ஓர் இயக்கத்தில், முன்னால் இரண்டு முதியவரை உட்கார வைத்துத் தொண்டர் ஒருவர் மோட்டார் உதவியோடு மிதித்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். சிங்கப்பூரிலும் நடக்கிறது.

பெரியப்பா என்ன செய்தார்? பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னதும், "பொம்பள வண்டியா?" என்று எழுந்து போய்விட்டார். அத்தை தன் வண்டியைக் கொண்டுவந்து ஒருநாள் முழுக்க அவர் வாசலில் நிறுத்தினார். மாலையில் யாரும் பார்க்காத நேரத்தில் பெரியப்பா ஏறிப் பார்த்திருக்கிறார். காலைத் தூக்கிச் சுற்ற வேண்டியதில்லை, இரண்டு காலையும் ஊன்றி உட்கார முடிகிறது, விரலை அழுத்தினால் கிளம்புகிறது. இப்போது அவரிடமும் ஒன்று இருக்கிறது, வேகம் 15-ல் கட்டி வைத்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'குனிஞ்ச வண்டி'. மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறார். கறுப்பு சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது, வாரம் ஒருநாள் துடைக்கிறார்.

அந்தக் குனிந்த வண்டிக்கு ஒரு குறை உண்டு. உரமூட்டை ஏற்றினால் அதன் கேரியர் வளைகிறது. லூதியானாவிலும் அம்பத்தூரிலும் சைக்கிள் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறுப்பு சைக்கிளின் உரத்தில், பார் தாழ்ந்த சட்டம், கேபிள் பிரேக், மூட்டை தாங்கும் கேரியர், 36 ஓட்டை ரிம், பேட்டரி வைக்க சீட்டுக்கம்பியில் நாலு திருகு ஓட்டை இவற்றோடு ஒரு சாதாரண சைக்கிளைச் செய்து விடுங்கள். மோட்டாரை எங்கள் ஊர்க் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.